வாசற்படிக்கு வெளியே ஒரு சாம்பியன்

கோல்ஃப் பழக எந்தப் பயிற்சியாளரிடம் போனாலும் முதல் பாடம் கைப்பிடிதான். வலது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடது கை மேலே, வலது கை அதற்குக் கீழே. மாற்றிப் பிடித்தால் முதல் நாளே அதட்டித் திருத்திவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வளர்ந்த சேவ்சங்கர் சேவ்கோலத்துக்கு அப்படி அதட்ட ஆளில்லை. வலது கை மேலே, இடது கை கீழே என்று தானாகப் பிடித்துப் பழகினார். கடைசிவரை அதை மாற்றவில்லை. அந்தப் பிடியோடு ஐரோப்பாவுக்குப் போய் டச்சு ஓப்பன் பட்டத்தை மூன்று முறை வென்றார். அதே பிடியோடு, உலகின் முதல் வரிசை ஆட்டக்காரரான கேரி பிளேயரை அவருடைய சொந்த நாட்டிலேயே தோற்கடித்தார். பப்வாவுக்கும் அதுதான் சொந்த நாடு. சட்டம் அப்படி நினைக்கவில்லை என்பது வேறு விஷயம். பப்வா என்பது அவருடைய செல்லப் பெயர். உலகமும் அப்படியே கூப்பிட்டது.

இந்தத் தலைகீழ்ப் பிடி எவ்வளவு சிரமமானது என்பது வீட்டில் ஒரு துடைப்பக் குச்சியை எடுத்து வீசிப் பார்த்தாலே தெரியும். குச்சியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோகும்போதே கைகள் ஒன்றையொன்று குறுக்கே மறிக்கும். இன்றைக்குப் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் குழிக்கு அருகில் பந்தைத் தட்டும்போது மட்டும் இப்படிப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவின் ஜோர்டன் ஸ்பீத் அதற்குப் பேர்போனவர். பப்வா அப்படிப் பிடித்துக்கொண்டே முழு வீச்சில் இருநூறு மீட்டருக்கு மேல் பந்தை அனுப்பினார்.

ஆற்றங்கரைப் பையன்

உம்கேனி ஆறு இந்தியப் பெருங்கடலில் கலக்கும் இடத்தில், வடகரையில் இருந்தது ரிவர்சைடு என்ற இந்தியக் குடியிருப்பு. பப்வா அங்கே வளர்ந்தார். தாய்க்குக் கண் தெரியாது. வறுமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிரிங்கா என்று அங்கே அழைக்கப்படும் மரத்தில் குச்சி வெட்டி, கடற்கரை மணலில் பந்தடித்துத்தான் அவர் ஆட்டத்தைத் தொடங்கினார். சிரிங்கா நம்மூர் மலைவேம்புக்கு நெருங்கிய சொந்தம்.

குடியிருப்புக்குப் பக்கத்திலேயே பீச்வுட் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. வெள்ளையர்களுக்கான கிளப். ரிவர்சைடு பையன்கள் அதற்குள் நுழைய ஒரே ஒரு வழிதான் உண்டு: கேடியாகப் போவது. ஆடுபவரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டுக் குழிகளும் கூடவே நடக்கவேண்டும். சும்மா சுமைதூக்கும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிருந்து கொடிக்கு எத்தனை கஜம், காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது, குழியைச் சுற்றிய புல்தரையான கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது, இந்த இடத்துக்கு எந்தக் கிளப்பை உருவவேண்டும் என்று முதலாளிக்கு முன்பாகக் கேடிக்குத் தெரிந்திருக்கவேண்டும். நல்ல கேடி, ஆடாமலேயே ஆட்டத்தைப் படித்துவிடுகிறான். பென் ஹோகன் டெக்சஸில் இப்படித்தான் தொடங்கினார். 1991இல் இந்தியன் ஓப்பனை முதன்முதலாக வென்ற இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேரும் டெல்லி கோல்ஃப் கிளப்பின் கேடிதான். பணக்காரர் ஆட்டம் என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் கோல்ஃபின் வரலாற்றில், பை தூக்கியவர்கள் எழுதிய பக்கங்கள் ஏராளம்.

பப்வா பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. மற்ற ஆட்டங்களில் இது ஒரு குறையே இல்லை. கோல்ஃபில் பெரிய குறை. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் கூட ஆடுபவரின் ஸ்கோரைத் தன் கையால் அட்டையில் எழுதவேண்டும். தன்னுடைய அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். ஓர் எண் தவறினால் பட்டம் போய்விடும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்ஸோவுக்கு நடந்தது அதுதான். கூட ஆடியவர் 3 போட வேண்டிய இடத்தில் 4 போட்டுவிட்டார், இவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார், சமநிலையில் இருந்தவர் இரண்டாம் இடத்துக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே இந்த கதி.

டர்பன் இருக்கும் நேட்டாலின் இந்தியர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16இல் டர்பனில் முதல் கூலித் தொழிலாளர்களை இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்காக 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். பப்வாவின் முன்னோர் வடக்கிலிருந்து போனவர்கள். தமிழரானாலும் இந்தி பேசுபவரானாலும் 1948க்குப் பிறகு வந்த நிறவெறி அரசுக்கு எல்லோரும் ஒரே பெட்டிக்குள்தான்: வெள்ளையர் அல்லாதோர்.

ஓலே எண்ணெய்க்காரர்

பீச்வுட்டில் பப்வா பை தூக்கியது கிரஹாம் உல்ஃப் என்ற வேதியியல் வல்லுநருக்கு. 1950களின் தொடக்கத்தில் டர்பனில் இவர் தயாரித்த இளஞ்சிவப்புத் திரவம் ‘ஆயில் ஆஃப் ஓலே’ முதலான பெயர்களில் உலகம் முழுவதும் விற்றது. இன்றைக்கு நம் வீட்டு அலங்கார மேசைகளில் இருக்கும் ஓலே கிரீமின் பூர்வீகம் அதுதான். தன் பையைத் தூக்கும் ஆள் தன்னைவிடப் பல மடங்கு நன்றாக ஆடுகிறார் என்பது உல்ஃபுக்குப் புரிந்தது. அப்படிப் புரிந்துகொண்ட முதலாளிகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். உல்ஃப் அதோடு நிற்கவில்லை. 1959இல் பப்வாவை ஐரோப்பாவுக்கே அழைத்துப் போனார்.

அதற்குள் பப்வா, வெள்ளையர் அல்லாதோருக்கென்று தனியாக நடந்த போட்டிகளில் பெயர் வாங்கியிருந்தார். ஆனால் அது தனிக் கிணறு. ஐரோப்பாவில்தான் முதன்முதலாக எல்லோரோடும் சமமாக நின்று ஆடினார். அந்த ஆண்டே டச்சு ஓப்பனை வென்றார். தற்செயல் என்று யாரும் முணுமுணுக்க வழியில்லாமல் 1960இல் மறுபடி போய் அதே பட்டத்தைத் தக்கவைத்தார். 1964இல் மூன்றாவது முறை.

நெதர்லாந்து என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவை ஆண்ட ஆஃப்ரிகானர்கள் தங்கள் வேரைத் தேடும் நாடுகளில் அது முதன்மையானது. நிறவெறிக் கொள்கையின் மூளை என்று சொல்லப்பட்ட பிரதமர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட் பிறந்ததே ஆம்ஸ்டர்டாமில்தான். அவர் பிறந்த மண்ணில் பப்வா கிளப் ஹவுஸுக்குள் சாதாரணமாக நடந்துபோய்க் கோப்பை வாங்கினார். அவர் ஆண்ட மண்ணில் அது முடியாது.

மழை

நிறவெறிச் சட்டங்கள் எங்கேயும் ‘இந்தியர் கோல்ஃப் ஆடக் கூடாது’ என்று எழுதிவைக்கவில்லை. அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமே அதுதான். 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் நிலத்தைப் பங்கு போட்டது. எந்தத் தெருவில் எந்த இனம் வாழலாம், எந்தக் கட்டடத்தை யார் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது. 1953இல் இன்னொரு சட்டம் வந்து பெஞ்சு, கழிப்பறை, கடற்கரை எல்லாவற்றையும் பிரித்தது. வெள்ளையர் பகுதியிலுள்ள மைதானத்தில் வெள்ளையர் அல்லாத ஒருவர் ஆடவேண்டுமானால் அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு கிடைத்தாலும் புல்லில் நடக்கலாம், பந்தை அடிக்கலாம், அவ்வளவுதான். உடை மாற்றுவதும் சாப்பிடுவதும் காருக்குள். கிளப் ஹவுஸ் வாசற்படியை மிதிக்கக் கூடாது.

இப்படியொரு சீட்டோடுதான் 1963 ஜனவரியில் நேட்டால் ஓப்பனில் ஆடினார் பப்வா. இடம் டர்பன் கன்ட்ரி கிளப். உம்கேனி ஆற்றின் தென்புறம், கடலோர மணல்மேடுகளின்மேல் அமைந்த, நாட்டின் மிகப் பெயர்பெற்ற மைதானங்களில் ஒன்று. ரிவர்சைடிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடலாம். நான்கு சுற்று, எழுபத்திரண்டு குழி முடிந்தபோது, வெள்ளையர்கள் நிறைந்திருந்த அந்தப் பட்டியலில் முதல் பெயர் சேவ்கோலம்.

பரிசளிப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோற்றவர்கள் கிளப் ஹவுஸுக்குள் ஒதுங்கினார்கள். வென்றவரால் முடியவில்லை. வெளியே மழையில் வைத்தே பப்வாவின் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் 1976 வரை தொலைக்காட்சியே கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த ஒரு படம் செய்த வேலை புரியும்.

ஜன்னல் வழியாகக் கோப்பையை நீட்டினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. பலர் திரும்பத் திரும்பச் சொல்லி அது வளர்ந்திருக்கிறது. கதைக்கு ஜன்னல் தேவையே இல்லை. இதைவிடக் கூர்மையான ஒன்று அங்கேயே இருந்தது. டர்பனின் வெள்ளையர் கிளப்புகளில் தட்டு ஏந்திப் பரிமாறியவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். வேலையாளாக ஓர் இந்தியர் உள்ளே நடமாட சட்டத்தில் எந்தத் தடையும் கிடையாது. தேநீர்த் தட்டோடு வந்திருந்தால் பப்வாவும் உள்ளே போயிருக்கலாம். கோப்பையோடு போக முடியாது. உள்ளே இருந்த பரிமாறுபவர்களுக்கு அந்த மாலை எப்படிக் கழிந்திருக்கும் என்று யாராவது அப்போதே கேட்டு எழுதி வைத்திருக்கலாம்.

அதே ஆண்டு தென்னாப்பிரிக்க ஓப்பன். ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் பப்வா இரண்டாம் இடம். வென்றவர் ரெட்டீஃப் வால்ட்மன், அருமையான ஆட்டக்காரர். பிற்பாடு, உச்சத்தில் இருக்கும்போதே, கோல்ஃபை உதறிவிட்டு மதப்பணிக்குப் போனார். அந்த ஜூலையில் இங்கிலாந்தின் ராயல் லிதமில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் பப்வாவுக்குப் பதின்மூன்றாம் இடம். அந்தப் போட்டியை வென்றவர் நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ். மேஜர் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றை வென்ற முதல் இடது கை ஆட்டக்காரர் அவர். ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் இடது கைக்காரர், இன்னொரு பக்கம் கையை மாற்றிப் பிடிப்பவர். கைப்பிடி இலக்கணம் எழுதியவர்களுக்கு மோசமான வாரம்.

1965

நேட்டால் ஓப்பனை பப்வா மறுபடி வென்றது 1965இல். இந்த முறை அவரிடம் தோற்றவர்களில் கேரி பிளேயரும் இருந்தார். பிளேயர் அப்போது யார் என்பதைச் சொல்லிவிடவேண்டும். பிரிட்டிஷ் ஓப்பன், மாஸ்டர்ஸ், பிஜிஏ ஆகிய மூன்று மேஜர்களை ஏற்கெனவே வென்றவர். அதே 1965இல் அமெரிக்க ஓப்பனையும் வென்று நான்கையும் முடித்தார். அதுவரை அதைச் செய்தவர்கள் ஜீன் சாரசனும் பென் ஹோகனும் மட்டுமே. வெள்ளைத் தென்னாப்பிரிக்கா உலகத்துக்குக் காட்டிப் பெருமைப்பட்ட முகம் அது. அந்த முகத்தை, பள்ளிக்குப் போகாத ஒரு முன்னாள் கேடி, தப்பும் தவறுமான பிடியோடு, டர்பனில் வைத்துத் தோற்கடித்துவிட்டார்.

அத்தோடு அனுமதிச் சீட்டு நின்றது. உள்நாட்டில் வெள்ளையர்களோடு சேர்ந்து ஆட முடியாது. பார்வையாளராகக்கூட அந்த மைதானங்களுக்குள் நுழைய முடியாது. கலப்புப் பார்வையாளர் கூட்டத்துக்கே 1965இல் தடை வந்திருந்தது. வெளிநாட்டுக்குப் போய் ஆடலாம் என்றால் பாஸ்போர்ட்டும் இல்லாமல் போயிற்று. யாரும் அவரைச் சிறையில் தள்ளவில்லை, அடிக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு காகிதத்தில் முத்திரை குத்த மறுத்தார்கள். ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரை முடித்துவைக்க அது போதுமானதாக இருந்தது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு பேசில் டி’ஒலிவெராவைத் தெரிந்திருக்கும். அவரும் தென்னாப்பிரிக்காக்காரர், அவரும் வெள்ளையர் அல்லாதவர். 1960இல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார், அந்த நாட்டு அணிக்கே ஆடினார், 1968இல் அவரை முன்னிட்டே இங்கிலாந்து அணியின் தென்னாப்பிரிக்கப் பயணம் ரத்தானது. ஊரை விட்டவர் வரலாறு ஆனார். பப்வா டர்பனிலேயே இருந்தார். மனைவி மக்கள், பழகிய ஊர், அந்நிய நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாமல் பிழைக்கும் பயம் என்று காரணங்களை அடுக்கலாம். அவரே எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. எழுதத் தெரியாதவரின் கதையை எப்போதும் மற்றவர்கள்தான் எழுதவேண்டியிருக்கிறது.

அவரைப் போராளி என்று சொல்லுபவர்களோடு நான் உடன்படவில்லை. பப்வா மேடையேறிப் பேசியவர் அல்ல. சீட்டு கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஆடினார். சீட்டு வாங்கி ஆடுவதே அரசின் விதிக்குத் தலையாட்டுவதாகும் என்று நிறவெறி எதிர்ப்பு விளையாட்டு இயக்கத்தில் உறுதியான கருத்து இருந்தது. அந்தக் கருத்தில் நியாயமும் உண்டு. ஆனால் பப்வாவின் பக்கத்திலிருந்து பாருங்கள்: அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அந்தத் தொழில் நடக்கும் இடமெல்லாம் அடுத்தவன் வீடு. சீட்டை மறுத்திருந்தால் கொள்கை காப்பாற்றப்பட்டிருக்கும். மழையில் எடுத்த அந்தப் படம் இருந்திருக்காது. நிறவெறிக்கு எதிராகப் பல நூறு அறிக்கைகள் சொல்லாததை அந்தப் படம் சொல்லிற்று.

தென்னாப்பிரிக்காவை மட்டும் குறைசொல்லிவிட்டு கோல்ஃபை விட்டுவிடவும் முடியாது. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பிஜிஏ, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது. மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் கறுப்பினத்தவராக லீ எல்டர் ஆடியது 1975இல். அதே எல்டர் 1971இல் கேரி பிளேயரின் அழைப்பில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து ஆடினார். அமெரிக்கக் கறுப்பருக்கு உலகத்தின் பார்வைக்காகத் திறக்கும் கதவு, ரிவர்சைடு கேடிக்கு வருடக்கணக்கில் சாத்தியே கிடந்தது.

பிளேயரும் லேசான பாத்திரமல்ல. 1966இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் ஃபெர்வூர்டின் தென்னாப்பிரிக்காவுக்கு வெளிப்படையாகத் துணைநின்றார். 1969இல் அமெரிக்காவின் டேட்டனில் பிஜிஏ போட்டி நடுவே போராட்டக்காரர்கள் அவர் முகத்தில் பனிக்கட்டியை வீசினார்கள். பிற்காலத்தில் அந்தப் பழைய பேச்சையெல்லாம் தவறு என்று கைகழுவினார். மாறினார் என்பது உண்மை. அவர் மாறுவதற்கு வாழ்க்கை தந்த அவகாசம் பப்வாவுக்கு ஆடக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

ரிவர்சைடு மக்களைக் குரூப் ஏரியாஸ் சட்டம் அங்கிருந்து அப்புறப்படுத்தியது. பீச்வுட் மைதானம் பின்னாளில் டர்பன் கன்ட்ரி கிளப்பின் கைக்குப் போனது. பப்வாவுக்கு மரியாதைகள் காலம் கடந்துதான் வந்தன. உம்கேனிக் கரையில், ரெசர்வாயர் ஹில்ஸ் பக்கம், டர்பன் மாநகராட்சியின் பொது கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர். தபோ எம்பெக்கி குடியரசுத் தலைவராக இருந்தபோது நாட்டின் இக்கமங்கா விருதை அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கினார். பப்வாவின் வாழ்க்கையை விரிவாக எழுதியவர் நேட்டால் உயர் நீதிமன்ற நீதிபதி கிறிஸ்டபர் நிக்கல்சன். 2008இல் எம்பெக்கியின் அரசியல் போட்டியாளர் ஜேக்கப் ஜூமா வழக்கில் இதே நிக்கல்சன் எழுதிய தீர்ப்பு கிளப்பிய புயலில்தான் எம்பெக்கியின் பதவி பறிபோனது. விருது கொடுத்தவரும் வரலாறு எழுதியவரும் இப்படி ஒரு முனையில் மோதிக்கொள்வார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்!

1965க்குப் பிறகு பிளேயர் இன்னும் ஐந்து மேஜர்களை வென்றார். ஐந்தாவது, 1978 ஏப்ரலில், மாஸ்டர்ஸ். கடைசி நாளில் 64 அடித்து, நாற்பத்திரண்டு வயதில். பப்வாவை ஆடவிட்டிருந்தால் அந்த ஐந்தில் ஒன்றைப் பிடுங்கியிருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஐரோப்பாவில் ஓரிரு பட்டம் இன்னும் சேர்ந்திருக்கும், டர்பனில் பிளேயரை இன்னொரு முறை வென்றோ தோற்றோ இருப்பார், நாற்பது வயதில் வரும் முதுகுவலியும் குழியருகே பந்தைத் தட்டும்போது வரும் நடுக்கமும் எல்லாரையும்போல அவருக்கும் வந்திருக்கும். சாதாரணமாக ஓர் ஆட்டக்காரர் தேய்ந்துபோகும் விதம் அது. அந்த மாஸ்டர்ஸ் முடிந்து மூன்று மாதத்தில், 1978 ஜூலையில், பப்வா டர்பனில் மாரடைப்பால் இறந்தார். ஐம்பதைத் தொடவில்லை. கையில் காசு இல்லை.